ஒன்று தசம் பூச்சியம் ஒன்று

14.11.2002, வியாழன்

யேர்மனியிலிருந்து அண்ணன் சேவியர் கப்பலில் போட்ட பெட்டி மூன்று மாதத்துக்குப் பிறகு வந்து சேர்ந்தது. யாழ்ப்பாணத்தில் லொறிக்காரனிடம் எடுத்து, ஊர்காவற்றுறை பஸ்ஸின் பின் சீற்றில் கிடத்திக் கொண்டுவந்தேன். பண்ணைப் பாலத்தில் நேவிக்காரர் இறக்கச் சொன்னார்கள். ஒரு மீற்றர் நீளச் சிந்தசைசர்: கறுப்புப் பலகை, ஒரு பக்கம் கட்டைகள், முகம் முழுக்கப் பச்சை நிறப் பொத்தான்கள். என் உடைந்த சிங்களத்தில் “பாட்டுப் பெட்டி” என்றேன். வாசித்துக் காட்டு என்றான் ஒருவன். கரண்ட் இல்லாமல் எதை வாசிக்க? அவனே கட்டைகளில் விரலை ஓட்டி, வாயால் ஒரு சிங்கள பைலாப் பாட்டைப் பாடி, “நல்லது, போ” என்றான்.

பெட்டிக்குள் அண்ணனின் கடிதம். நான்கு வரி. “நிலவறையைத் துப்புரவாக்கினனான். எறிய மனம் வரேல்ல. நீ படிச்சவன், உனக்கு உதவும்.”

எறிய மனம் வராததெல்லாம் எனக்கு.

அம்மாவின் அடக்கத்துக்கு வராதவன். தொண்ணூற்றெட்டில் பாதை இல்லை, கப்பல் இல்லை, எல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தாலும் மன்னிக்கவில்லை. பதில் எழுதப் போவதில்லை.

17.11.2002

போட்டுப் பார்த்தேன். சின்னக் கண்ணாடியில் ‘பற்றரியை மாற்று’ என்று ஆங்கிலத்தில் எழுதியது. உள்ளே இருக்கும் பற்றரி செத்துவிட்டது. பதினெட்டு வருட மெசின், சாகத்தான் செய்யும். அதனுடன் மெசினுக்குள் சேமித்திருந்த முப்பத்திரண்டு குரல்களும் செத்துவிட்டன. குரல்களின் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் கோடும் புள்ளியும். கட்டையை அழுத்தினால் தகரப் பீப்பாவை றோட்டில் இழுப்பது போல ஒரு சத்தம்.

மனைவி மாக்கிறேற் குசினிக்குள்ளிருந்து, “இஞ்சாருங்கோ, அது பாடுதோ, ஆரையும் ஏசுதோ?” என்றாள்.

இனி அலுமாரிக்கு மேலே கிடக்கட்டும்.

24.11.2002, ஞாயிறு

பூசை. வழக்கம்போல் கடைசி வாங்குப் பலகையில் இருந்தேன். ஆறு வருடமாக அதுதான் என் இடம்.

எழுதி வைக்கிறேன், ஒருநாள் யாராவது வாசிக்கட்டும். இந்தக் கோயிலின் காலால் மிதிக்கும் ஆர்மோனியத்தை முதலில் வாசித்தவன் அண்ணன். எண்பத்து நான்கில் அவன் போன பிறகு நான். “சேவியர் வருமட்டும்” என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். அவன் வரவில்லை, நான் ஆறு வருடம் வாசித்தேன். தொண்ணூறில் ஊரோடு இடம்பெயர்ந்தோம். தொண்ணூற்றாறில் திரும்பி வந்தபோது ஆர்மோனியத்தின் பலகை கறையானுக்கு, உள்ளே ஒலிக்கும் பித்தளை நாக்குகள் யாருக்கோ. பாடகர் குழுவின் தலைவர் பஸ்ரியாம்பிள்ளை பாரிஸில் இருக்கும் மகளிடம் சொல்லி ஒரு கீபோட் எடுப்பித்தார். ஒரு விரல் வைத்தால் மிச்சத்தைத் தானே வாசிக்கும் சாமான். “வாத்தியமில்லாமல் நீர் எதை வாசிக்கப் போறீர், மாஸ்ரர்?” என்று கேட்டுவிட்டு, ஆர்மோனியம் இருந்த இடத்தில் தானே இருந்துகொண்டார்.

பள்ளிக்கூட அதிபர் பதவியும் இப்படித்தான். பேராதனையில் பௌதிகம் படித்து முதலாம் வகுப்பில் வந்தவன் நான். எனக்கு எட்டு வருடம் பின்னால் வந்தவன் அதிபர் கதிரையில். கல்வித் திணைக்களத்துக்கு எழுதிய கடிதங்கள் பதினொன்று. பதில் இரண்டு.

என் கடிதங்களில் பலித்தது ஒன்றே ஒன்று. தொண்ணூற்றேழில் பாதருக்கு எழுதியது: கோயிலுக்குக் கரண்ட் தரும் ஜெனரேற்றரின் இரைச்சலில் பிரசங்கம் கேட்பதில்லை, ஆகவே பிரசங்க நேரத்தில் அதை நிற்பாட்ட வேண்டும். அன்றுமுதல் இன்றுவரை, பாதர் பிரசங்கத்துக்கு எழும்பினால் கோயில் வேலை பார்க்கும் யாக்கோப்பு பின்வாசலால் போய் நிற்பாட்டுவான். இன்றும் நிற்பாட்டினான். அந்த அமைதி என்னுடையது. யாருக்கும் நினைவிருக்காது.

8.12.2002

மழை. பள்ளிக்கூட விடுமுறை. பெட்டியை இறக்கினேன். வேறு வேலை இல்லாததால்தான்.

கூட வந்த புத்தகம் யேர்மன் மொழியில். பரவாயில்லை, படமும் எண்ணும் எல்லா மொழிக்கும் ஒன்றுதான். குரலைத் தொடக்க நிலைக்குக் கொண்டுபோகும் வழி ஒரு பக்கத்தில் இருந்தது. செய்தேன்.

ஒரேயொரு சைன் அலை. ஆய்வுகூடத்தில் இசைக்கவையைத் தட்டிக் காதருகே பிடித்தால் வருமே, அது. நிறமில்லை, மணமில்லை. தகரச் சத்தத்துக்கெல்லாம் அடியில் இவ்வளவு சுத்தமான ஒன்று இருந்திருக்கிறது.

அரை மணித்தியாலம் அதை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தேன். மாக்கிறேற் குசினிக் கதவைச் சாத்தவில்லை. அதுவே பெரிய பாராட்டு.

11.12.2002

இன்று நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும்.

இந்த மெசினுக்குள் ஆறு அலைகள் உண்டு. ஒன்றை மற்றதன் தலையில் ஏற்றலாம். மேலே இருக்கும் அலை நேராகக் காதுக்கு வராது. கீழே இருப்பதன் மீடிறனை, அது அதிரும் வேகத்தை, அசைப்பது மட்டுமே அதன் வேலை. மேலலையை மிக மெதுவாக வைத்தேன். கீழே சுரம் சைரன் போல ஏறி இறங்கியது. கொஞ்சம் வேகமாக்கினேன், பாடகனின் நடுக்கம் போல வந்தது. இன்னும் வேகம் — நடுக்கம் இரைச்சலானது. இன்னும் — சட்டென்று நடுக்கமே இல்லை. அதன் இடத்தில் ஒரு நிறம். நாயனத்துக்கும் வயலினுக்கும் இடையில் எங்கேயோ ஒரு குரல்.

காது எண்ணுவதை எந்த இடத்தில் விடுகிறதோ, அந்த இடத்தில் அசைவு நிறமாக மாறுகிறது.

இருபத்தைந்து வருடமாக வானொலிப் பாடத்தில் இதைத்தான் படிப்பிக்கிறேன். மீடிறனை அசைத்து அனுப்புவது. கரும்பலகையில் எத்தனை தரம் கீறியிருப்பேன்! அதையே காதுக்கு எட்டும் மீடிறனில் செய்தால் இப்படி ஆகும் என்று எவரும் எனக்குச் சொல்லவில்லை. நானும் எண்ணிப் பார்க்கவில்லை. பேராதனையில் பாஸ் பண்ணுவதற்காகப் பாடமாக்கிய பெசல் சார்புகள்தாம் எந்த மேற்றொனி எவ்வளவு வரும் என்று சொல்கின்றன. பழைய கொப்பியை றங்குப் பெட்டிக்குள் தேடி எடுத்தேன். ஒரு பக்கம்கூடக் கறையான் தொடவில்லை.

இந்த ஊரில் — இந்தத் தீவில், ஏன், வடமாகாணத்திலேயே — இது விளங்கக்கூடியவர் எத்தனை பேர்?

12.12.2002

கரண்ட் போனது. நேற்றுச் செய்த குரல் போய்விட்டது. பற்றரி இல்லையென்றால் மெசினுக்கு நினைவே இல்லை. இனி எல்லா எண்ணையும் கொப்பியில் எழுத வேண்டும்.

5.1.2003

புத்தகத்தில் அண்ணனின் பென்சில் எழுத்து! முதல் பக்கங்களில் அடிக்கோடுகள், சில யேர்மன் சொல்லுக்குத் தமிழ். இருபத்து மூன்றாம் பக்கத்தில், அலைகளை ஒன்றின்மேல் ஒன்று அடுக்கும் முப்பத்திரண்டு படங்களுக்குப் பக்கத்தில், ஒரேயொரு சொல்: “விளங்கேல்ல.” அதற்குப் பிறகு புத்தகம் புதிதாகவே இருக்கிறது.

சேவியருக்கு விளங்கேல்ல! ஒரு பாட்டை ஒருதரம் கேட்டால் இரண்டு கையாலும் வாசித்தவனுக்கு. “பெரியவனுக்குக் கை, சின்னவனுக்குக் கணக்கு” என்று அம்மா சொல்லும்போது, கணக்கு ஏதோ ஆறுதல் பரிசு போல இருக்கும்.

நான் அறுபத்தோராம் பக்கத்தில் இருக்கிறேன்.

2.2.2003

சட்டம் ஒன்று கண்டுபிடித்தேன். மேலலைக்கும் கீழலைக்கும் உள்ள விகிதம் முழு எண்ணாக இருந்தால் குரல் பாடும். முழு எண் இல்லையென்றால் மணி, தட்டம், தகரம். ஒன்றுக்கு ஒன்று ஆர்மோனியத்தின் நாக்கு. ஒன்றுக்கு இரண்டு கிளாரினெற் மாதிரி உள்ளே குழிந்த குரல். இந்த மெசினைத் தகரம் என்று சொல்பவன் விகிதம் தெரியாதவன்.

முழு எண்ணை விட்டு இனி அசையமாட்டேன்.

இன்னொன்றும் எழுதத் தோன்றுகிறது. மேலே இருப்பதை யாரும் கேட்பதில்லை. ஆனால் கேட்கிற குரலின் நிறத்தை அதுதான் தீர்மானிக்கிறது. கடைசி வாங்கில் இருந்து இதை யோசித்தேன். பஸ்ரியாம்பிள்ளை எதையோ வாசித்துக்கொண்டிருந்தார்.

19.5.2003

ஆர்மோனியத்தின் குரல் வந்துவிட்டது!

மூன்று சோடி அலைகள். முதற் சோடி நாக்கு. இரண்டாவது சோடி அதே நாக்கு, ஆனால் மேலலையைச் சுருதியில் ஒரு மயிரிழை விலக்கி. மூன்றாவது, கட்டையை அழுத்தியதும் காற்று புகும் அந்த ‘ப்பு’. மொத்தம் நாற்பத்தேழு எண்கள். ஐந்து மாதம். பள்ளிக்கூடத்தால் வந்து, தேத்தண்ணி குடித்து, ஆறு மணிவரை ஒவ்வொரு நாளும்.

மாக்கிறேற் வந்து நிலையில் சாய்ந்து நின்றாள். “கலியாணப் பூசையில இதுதானே வாசிச்சது,” என்றாள். பிறகு, “அண்டைக்கும் நீங்கள் என்னைப் பாக்கேல்ல, இதைத்தான் பாத்துக்கொண்டு நிண்டனீங்கள்.”

8.6.2003

பாதரிடம் போனேன். பஸ்ரியாம்பிள்ளையும் அங்கே இருந்தார். பெருநாள் பூசையில் நான் வாசிக்க வேண்டும் என்று கேட்டேன். கெஞ்சவில்லை, கேட்டேன்.

“அந்த மெசினோ? மகளின்ர வீட்டில ஒண்டு கேட்டனான். தகரம் மாதிரிக் கத்தும்,” என்றார் பஸ்ரியாம்பிள்ளை. “கோயிலுக்கு ஒரு மரியாதை இருக்குது, மாஸ்ரர்.”

“ஒரு விரலால வாசிக்கிறதோ மரியாதை?”

“ஒரு விரலெண்டாலும் ஆறு வருசமா நான் வாறனான். நீர் கடைசி வாங்கில இருந்து முறாய்ச்சுப் பாக்கிறனீர்.”

பாதர் இடையில் கையைப் போட்டார். முடிவு இது: பெருநாள் பூசையில் காணிக்கைப் பாட்டு ஒன்று மட்டும் எனக்கு. சனத்துக்குப் பிடித்தால், அடுத்த ஞாயிறு முதல் பாதிப் பாட்டு என் பொறுப்பு. பிடிக்காவிட்டால் இந்தப் பேச்சு இனி இல்லை.

ஒரு பாட்டு. போதும்.

2.8.2003

நாளை பெருநாள். எண்களைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்கிறேன். கொப்பியை வீட்டிலேயே விட்டுப் போகப் போகிறேன். பஸ்ரியாம்பிள்ளைக்கு முன்னால் கொப்பியைப் பார்த்து வாசிக்க நான் என்ன முதலாம் வகுப்புப் பிள்ளையோ?

3.8.2003, ஞாயிறு

எழுதிவிட வேண்டும்.

காலை ஐந்தரைக்கே போய் எண்களை ஏற்றிவிட்டேன். மெதுவாக ஒரு சுரம் தொட்டுப் பார்த்தேன், சரி. வயரில் யாரும் கால் தடக்கக்கூடாது என்று கல் வைத்தேன். அலங்கார வெளிச்சத்தை வேறு வயருக்கு மாற்றுவித்தேன். எல்லாவற்றையும் யோசித்தேன். எல்லாவற்றையும்!

ஆறரைக்குப் பூசை. கனடாவிலும் பாரிஸிலும் இருந்து வந்த சனம் வேறு, கோயில் கொள்ளவில்லை. வீடியோக்காரன் பீடத்துக்குப் பக்கத்தில். சுவிசேஷம் முடிந்தது. பாதர் பிரசங்கத்துக்கு எழும்பினார். யாக்கோப்பு பின்வாசலால் போவதைப் பார்த்தேன். பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஆறு வருடமாகப் பார்ப்பதுதானே.

ஜெனரேற்றர் நின்றது.

என் அமைதி. நான் எழுதி வாங்கிய அமைதி. முன்னால் மெசினின் கண்ணாடி கறுப்பாகக் கிடக்கிறது.

ஐயோ, நாற்பத்தேழு எண்ணும் போச்சு. ஆரிட்டச் சொல்ல? ஆரைக் குற்றஞ்சொல்ல? கடிதம் எழுதினது நான்தானே! முதல் தரம், முதல் தரம் ஒருத்தனையும் ஏச ஏலாமல் போச்சு.

பிரசங்கம் முடியும்வரை எண்களைச் சொல்லிக்கொண்டே இருந்தேன். பக்கத்தில் செபமாலையுடன் இருந்த ஞானசவுந்தரி அக்கா நானும் செபிக்கிறேன் என்று நினைத்திருப்பா. ஜெனரேற்றர் திரும்ப இரைந்ததும் தொடங்கினேன். விசுவாசப் பிரமாணம், அதற்குப் பிறகு ஐந்து மன்றாட்டு. அவ்வளவுதான் நேரம். ஒலியை முழுக்கக் குறைத்துவிட்டேன், பூசை நடுவில் சத்தம் வரக்கூடாது. காது இல்லாமல் விரலும் எண்ணும் மட்டும். “எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்” என்று சனம் ஐந்தாம் தரம் சொல்லும்போது நாற்பத்தேழாவது எண். பஸ்ரியாம்பிள்ளை என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒலியைக் கூட்டினேன். முதல் சுரம்.

அது என்னுடைய ஆர்மோனியம் இல்லை.

ஆர்மோனியம்தான், ஆனால் உள்ளே எதுவோ மூச்சு விட்டது. கீழ்ச் சுரங்கள் கரைக்கு வந்து போகும் தண்ணீர் போல மெதுவாக நிறம் மாறின. மேற் சுரங்கள் குறுகிய மூச்சாக, வேகமாக. ஒவ்வொரு சுரத்துக்கும் தன் மூச்சு, ஒன்றோடொன்று சேராமல், ஆனால் சண்டையும் இல்லாமல். நிற்பாட்ட நேரமில்லை. குழு பாடத் தொடங்கிவிட்டது. இரண்டாம் அடியில் கடைசி வாங்கில் இருந்த ஆண்கள் பாடுவது கேட்டது. கடைசி வாங்கு பாடாது. ஆறு வருடம் அங்கே இருந்தவன் நான், எனக்குத் தெரியும்.

பாட்டு முடிந்தும் பாதர் அப்பத்தைக் கையில் எடுக்கக் கொஞ்ச நேரம் ஆனது.

3.8, பின்னேரம்

பிழையைப் பிடித்துவிட்டேன். பூசை முடிந்ததும், கரண்டை நிற்பாட்டமுன், கண்ணாடியில் எண்களை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். இரண்டாவது சோடியின் மேலலை. சுருதி விலக்கும் பொத்தானை அழுத்த வேண்டிய இடத்தில் அடுத்த பொத்தானை அழுத்தியிருக்கிறேன்; அது விகிதத்தின் நுண்பகுதி. ஒன்று என்று போட்டது அங்கே போய்விட்டது. விகிதம் 1.00 அல்ல, 1.01.

முழு எண்ணிலிருந்து நூறில் ஒரு பங்கு தவறி. அந்தச் சிறு வித்தியாசம் அடிச் சுரத்தில் மெதுவாகவும் மேற் சுரத்தில் விரைவாகவும் சுழல்கிறது. கணக்குப் போட்டுப் பார்த்தேன், அப்படித்தான் வரவேண்டும். கணக்கு எப்போதும் அங்கேதான் இருந்தது. சட்டம் போட்டுக் கதவைச் சாத்தியது நான்.

5.8.2003

பஸ்ரியாம்பிள்ளை வீட்டுக்கு வந்தார். ஆறு வருடத்தில் முதல் தரம். மாக்கிறேற் தேத்தண்ணி வைக்க ஓடினாள். அவர் கதிரையின் நுனியில் இருந்தார்.

“காலமை ஐந்தரைக்கு நீர் தொட்டுப் பாத்தனீர். அந்தக் குரல் வேற. பூசையில வந்தது வேற. நான் கேட்டனான்.”

அந்த ஒரு சுரத்தைக் கேட்டு வைத்திருக்கிறார். காது உள்ளவனை ஆறு வருடமாகச் செவிடன் என்று எண்ணிக்கொண்டு இருந்திருக்கிறேன்.

“அது பிழையோ, மாஸ்ரர்?”

“இல்லை. யோசிச்சுச் செய்தது.”

என் முகத்தையே பார்த்தார். “பிழையெண்டாலும் மாத்திப் போடாதேயும்,” என்று சொல்லித் தேத்தண்ணியை எடுத்தார். “ஞாயிறு என்ன பாட்டு உமக்கு? சொன்னால்தானே நான் சுருதியை வைக்கலாம்.” போகும்போது படலையில் நின்று, “யாக்கோப்புக்குச் சொல்லிப்போட்டன், இனி நிற்பாட்டமாட்டான். பிரசங்கம் கேக்காட்டி ஒருத்தரும் சாகேல்ல.”

என்னுடைய ஒரே பலித்த கடிதமும் போனது. கவலைப்படவில்லை.

21.9.2003

வேலணையில் தொலைபேசி வைத்திருக்கும் கொமினிக்கேசன் கடைக்காரன் ஆள் அனுப்பியிருந்தான்: யேர்மனி அழைப்பு, பதினொரு மணிக்கு. போகாமல் விட நினைத்தேன். போனேன்.

“தம்பி, பெருநாள் வீடியோ வந்தது. காணிக்கைப் பாட்டுக்கு வாசிச்சது எந்த ஓர்கன்? ஆர் வாங்கிக் குடுத்தது?”

“நீங்கள் அனுப்பினது.”

றிசீவரை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

“அந்தச் சனியனோ? அதுக்குள்ள இருந்தோ? நான் ரெண்டு வருசம் மண்டையை உடைச்சனான், எனக்கு அது—”

“தெரியும். இருபத்து மூண்டாம் பக்கம்.”

சிரித்தான். பழைய சிரிப்பு, இருமலில் முடிவது. பிறகு, “அம்மா கேட்டிருக்கோணும்,” என்றான். அந்த அடக்கத்தைப் பற்றி எத்தனையோ வசனம் ஐந்து வருடமாக ஆயத்தமாக வைத்திருந்தேன். அவற்றை அப்படியே விட்டு, “பற்றரி ஒண்டு அனுப்புங்கோ, அண்ணை,” என்றேன்.

14.12.2003, ஞாயிறு

பற்றரி வந்தது. பஸ்ரியாம்பிள்ளை ஈயம் வைத்து ஒட்டித் தந்தார். றேடியோ திருத்தின கை. முதல் இடத்தில் குரலைச் சேமித்தேன். கரண்டை நிற்பாட்டினோம். திரும்பப் போட்டோம். இருந்தது. இரண்டு கிழவர்கள் ஒரு பெட்டிக்கு முன்னால் கை தட்டினோம்.

பற்றரியோடு அண்ணன் ஒரு கடிதமும் வைத்திருந்தான். அதே மெசின் இன்னொன்றைப் பழஞ்சாமான் சந்தையில் எடுத்துவிட்டானாம். எண்களை அனுப்பச் சொல்கிறான்.

15.12.2003

‘அன்புள்ள அண்ணைக்கு’ என்று தொடங்கி நாற்பத்தேழு எண்களையும் வரிசையாக எழுதினேன். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் அது என்ன செய்கிறது என்று இரண்டு சொல். இருபத்து மூன்றாம் பக்கத்தின் படங்களையும் கீறி விளக்கினேன். வகுப்பில்கூட இவ்வளவு தெளிவாக எழுதியதில்லை, அதை நானே சொல்லலாம்.

1.01க்கு வந்ததும் பேனை நின்றது. ‘யோசித்துச் செய்தது’ என்று எழுதினேன். வெட்டினேன். அதன் கீழே, ‘இது பிழையாக வந்தது. ஆருக்கும் சொல்லேல்ல’ என்று எழுதிக் கடித உறையை ஒட்டினேன்.

மத்தியானம் பஸ்ஸில் வேலணைக்குப் போய்த் தபாலில் போட்டுவிட்டு வந்தேன்.